ஊசிமேட்டில் கல்லாத்தாவை நகர்த்தியது குறித்து

அனுப்புநர்
க. முருகையன் (வயது எழுபதுக்கு மேல்),
தகப்பனார் பெயர் கண்ணையன்,
ஊசிமேடு, புதுச்சேரி மாநிலம்.

பெறுநர்
உயர்திரு நில அளவை மேலதிகாரி அவர்கள்,
புதுச்சேரி.

பொருள்: ஊசிமேட்டு எல்லைக்கல்லை இடம் மாற்றியவர்களின் பெயர் கேட்டு வந்த நோட்டீசு – பதில் சொல்லுதல் – அவர்கள்மேல் வழக்கு வேண்டாமெனக் கேட்டுக்கொள்ளுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

சுதந்திரத்தின் வெள்ளிவிழாவுக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள். நாங்கள் முதன்முதலாக ஐ.ஆர். எட்டு நெல்லை நட்டோம். அது கதிர் வாங்கும் நேரத்தில், கார்த்திகை மாதம், கடலூர்ப் பக்கம் புயல் கரையேறியது. பரிதாபி வருடம். 1972 என்று காகிதத்தில் எழுதுகிறார்கள். கல் நகர்ந்தது அந்த வருடம்தான்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவர் நெல்லித்தோப்பு தனிஸ்லாஸ். வார்த்தை எங்காவது மரியாதை குறைந்து வந்தால் அது என் வாய். எழுத்து நன்றாக இருந்தால் அது அவர் கை.

முதலில் நன்றியைச் சொல்லிவிடுகிறேன். ஊசிமேடு மறுபடியும் புதுச்சேரியைச் சேர்ந்தது என்று தங்கள் உத்தரவு போன மாதம் வந்தது. பதினோரு வீட்டுக்கும் ரேஷன் கார்டு திரும்பிவிட்டது. ஐந்து வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது ஐயா. அந்த உத்தரவோடு சேர்ந்தே வந்த நோட்டீசு ஒன்றுதான் பாக்கி. அரசாங்க எல்லைக்கல்லைப் பெயர்த்தவர்கள் யார் யார், அவர்கள்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அதில் கேட்டிருக்கிறது. பெயர்த்தவர்கள் நாலு பேர். மூன்று பேர் போய்விட்டார்கள். ஒருவர் இருக்கிறார். அவருக்காகத்தான் இந்த மனு.

1. ஊசிமேடு என்பது சித்தேரியின் கடைமடை. நிலம் எந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கிறதோ அந்த ஏரியின் சீமையைச் சேரும் என்று அந்தக் காலத்தில் கோடு போட்டார்கள் என்பது என் தகப்பனார் சொல். சித்தேரி பிரெஞ்சுக்காரன் வசம் இருந்தது. அதன் வாய்க்கால் தெற்கே எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு தூரம் நாங்களும் பிரெஞ்சு சீமை. கிழக்கு, மேற்கு, தெற்கு மூன்று பக்கமும் இங்கிலீஷ் சீமை. எங்கள் மாடு காலையில் இங்கிலீஷ்காரனிடம் மேய்ந்துவிட்டு மாலையில் பிரெஞ்சுக்காரனிடம் வந்து பால் கறக்கும். நிலம் இப்படி நீளமாக உள்ளே குத்திக்கொண்டு போவதால் ஊசிமேடு என்று பெயர். ஊசியின் காது வடக்கே ரோட்டோரம். அங்கே ஒரு மேடும் புங்கமரமும் இருக்கின்றன. முனை தெற்கே, வாய்க்கால் தீரும் இடம். வீடுகளும் வயல்களும் இரண்டுக்கும் நடுவே. கல் அந்தத் தெற்கு முனையில் நின்றது.

2. அது தங்களுக்கு எல்லைக்கல். எங்களுக்குக் கல்லாத்தா. யார் முதலில் மஞ்சள் பூசினார்கள் என்று என் தகப்பனாருக்கும் தெரியாது. ஆடி மாதம் கடைசி வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றுவோம். பூசுவது, ஊற்றுவது, கழுவுவது எல்லாம் பெண்கள். ஆண்கள் அவளைத் தொடும் வழக்கமே கிடையாது. பிரெஞ்சு தொரை ஒருவர் கொம்யூன் ஆபீசிலிருந்து வந்தபோதுகூட, தொட வேண்டாம் என்று பெண்கள் வழிமறித்தார்களாம். அவரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போனாராம்.

3. புயலன்று ஏரிக்கரை உடைந்து தண்ணீர் முழுக்க முனைக்கு ஓடிவந்தது. விடிந்து பார்த்தால் கல்லின் அடிமண் கரைந்து, கல் சாய்ந்து நிற்கிறது. "ஆத்தா குப்புற வுழப்போறாடி" என்று வீராயி கத்தினார். வீராயி, சின்னப்பாப்பா, ஆயம்மா, அவர்களோடு என் அண்ணி, ஆக நாலு பேர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். கிணற்றுக் கயிறு, இரண்டு உலக்கை, ஆயம்மாவின் கூறைப்புடவை. அவ்வளவுதான் சாமான். நாங்கள் ஆண்கள் வரப்பில் நின்று இப்படித் தூக்கு, அப்படிப் பிடி என்று சொல்லிக்கொண்டிருந்தோம். "வாயி வலிக்கப் போவுது, போயி ஆட்ட அவுத்து மேட்டுல கட்டுங்க" என்றார் வீராயி. போய்க் கட்டினோம். அவர்கள் நாலு பேரும் கல்லை ஊரைத் தாண்டித் தூக்கிவந்து, வடக்கு மேட்டில் புங்கமரத்தடியில், தண்ணீர் ஏறாத இடத்தில் நட்டார்கள். சாமி ஆயிற்றே என்று முகத்தைக் கிழக்கே பார்க்கத் திருப்பிவைத்தார்கள். அன்றைக்கு அவர்கள் தூக்கியிருக்காவிட்டால் கல் எந்த ஊர் மடுவில் கிடந்திருக்குமோ தெரியாது.

4. 77ஆம் வருடம் புது அளவை வந்தது. வந்தவர்கள் எல்லைக்கல் எங்கே என்று கேட்டார்கள். சந்தோஷமாகக் கூட்டிப்போய்க் காட்டினோம். கற்பூரம் ஏற்றி அவர்கள் நெற்றிக்குத் திருநீறும் வைத்தோம். அவள் எங்கே இருக்கிறாளோ அது எல்லை என்றுதான் எங்களுக்குத் தெரியும். முன்பு வேறு இடத்தில் இருந்தாளா என்று அவர்கள் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. யார் மேலும் குற்றம் இல்லை. கல் இருந்த இடத்தில் கோடு விழுந்தது. ஊசிக்குக் காது மட்டும் மிஞ்சியது. வீடுகளும் வயல்களும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன.

5. அதற்குப் பிறகு நாங்கள் பட்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதுச்சேரியில் கேட்டால் நீங்கள் தமிழ்நாடு என்றார்கள். தமிழ்நாட்டில் கேட்டால் எங்கள் கணக்கில் இப்படி ஒரு ஊரே இல்லை என்றார்கள். 79இல் புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கூடாது என்று நகரமே கொந்தளித்தது. கடையடைப்பு என்று தெரியாமல் கத்தரிக்காய்க் கூடையோடு பெரிய மார்க்கெட் வரை போன நான், அந்தக் கூட்டத்தோடு நின்று தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டுவிட்டுத் திரும்பினேன். திரும்பி வந்த ஊர் ஏற்கனவே சேர்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டுச் சாமிக்கண்ணு தன் கொல்லையில் உட்கார்ந்து சாராயம் குடித்ததற்கு, மதுவிலக்குச் சட்டத்தில் அந்தப் பக்கத்துப் போலீசு பிடித்துப்போனது. "நான் ஒக்காந்திருக்கறது புதுச்சேரி சார்" என்று அவர் சொல்ல, "ஒன் புதுச்சேரி ரோட்டோரத்துலயே முடிஞ்சிபோச்சி, எழுந்திரு" என்றார்களாம். இன்றைக்குச் சிரிக்கிறோம். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. போன வருடம் ஜனத்தொகை எடுத்தபோது இரண்டு பக்கத்து ஆளும் எங்கள் தெருவுக்குள் வரவில்லை. உயிரோடு இருந்தும் எங்களை யாரும் எண்ணவில்லை.

6. இந்தச் சித்திரையில் தங்கள் அலுவலகத்துச் சர்வேயர் பிரான்சுவா வந்தார். சின்ன வயது, நிதானமான ஆள். செருப்பைக் கழற்றிவிட்டு எட்ட நின்று கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எழுத்து வெட்டுன பக்கம் வெளியூரப் பாத்து தெக்கால இல்ல இருக்கணும். இது கெழக்கால பாக்குது. யாரு பெரியவரே திருப்புனது?" என்று கேட்டார். அப்படி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் நடந்ததைச் சொல்லித் தெற்கு முனைக்குக் கூட்டிப்போனேன். கல் நடுகிறவர்கள் அடியில் கரியும் ஓட்டுச்சில்லும் போட்டு மூடுவது வழக்கம் என்று சொல்லி, ஆளை வைத்துத் தோண்டினார். முழங்கால் ஆழத்தில் கரி வந்தது, சில்லும் வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க ஊரு கெடச்சிடுச்சி" என்றார். நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

7. இப்போது நோட்டீசு. அது வந்த நாளிலிருந்து என் அண்ணி ஜீப் சத்தம் கேட்டால் வைக்கோல்போர் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறார். எண்பதைத் தொட்ட வயது. கண் பாதிதான் தெரியும். சோறு இறங்கவில்லை. கார்டு வந்தது, சர்க்கரை வந்தது என்று ஊரே மூச்சு விடும்போது அவர் ஒருவருக்கு மட்டும் மூச்சு வரவில்லை. நேற்று என்னைக் கூப்பிட்டு, "மூணு பேரு செத்துட்டாங்கன்னு எழுதப்போற இல்ல கொழுந்தனாரே, என்னையும் அவங்களோட சேத்து செத்துட்டேன்னு எழுதிடு. ஆரு வந்து பாக்கப்போறாங்க" என்றார். "அப்பறம் ஒன் அரிசிய ஆரு வாங்கறது?" என்று கேட்டேன். "நீ ரெண்டு புடி கொறச்சித் தின்னு" என்றார்.

எழுதியிருக்கலாம் ஐயா. தனிஸ்லாஸும் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஆனால் ஐந்து வருடம் ஊரோடு காகிதத்தில் இல்லாமல் இருந்து பார்த்தவன் நான். இப்போதுதான் எங்களை எண்ணியிருக்கிறீர்கள். உயிரோடு இருக்கிற ஒரு ஆளை என் வாயால் மறுபடியும் இல்லாமல் ஆக்க மாட்டேன்.

8. ஆகவே தங்களிடம் மூன்று காரியம் கேட்டுக்கொள்கிறேன். தெற்கு முனைக்குப் புதுக்கல் ஒன்று நட்டுவிட்டு, கல்லாத்தாவைப் புங்கமரத்தடியிலேயே விட்டுவிட வேண்டும். புதுக்கல்லுக்கு மஞ்சள் பூச மாட்டோம். இது பதினோரு வீட்டார் வாக்கு. அடுத்து, அன்று கல்லைத் தூக்கியது கெட்ட எண்ணத்தில் அல்ல, அவர்கள்மேல் நடவடிக்கை இல்லை என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும். மூன்றாவது, அந்த வரியைத் தபாலில் அனுப்பாமல் தாங்களோ சர்வேயர் பிரான்சுவாவோ நேரில் வந்து படித்துக் காட்ட வேண்டும். அண்ணி காகிதத்தை நம்ப மாட்டார். ஆள் வந்து சொன்னால் நம்புவார். ஆடிக் கடைசி வெள்ளி வந்தால் கூழும் உண்டு. ஜீப்பை மட்டும் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

பெயர் சொன்னால் கெடுதல் வராது என்று தோண்டிய அன்று பிரான்சுவா சொன்ன வாக்கையும், ஊரைத் திருப்பிக் கொடுத்த தங்கள் கையையும் நம்பி, நோட்டீசு கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். வீராயி, மில் தெருவில் மகள் வீட்டில் காலமானார். சின்னப்பாப்பா, நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது மார்வலியில் போனார். ஆயம்மா, கார்டு வருவதற்கு முந்தின மாதம் போனார். அந்தக் கூறைப்புடவையைத்தான் மேலே போர்த்தி எடுத்தோம். நாலாவது ஆள் ஊசிமேட்டில், என் வீட்டுக்கு அடுத்த வீட்டில், இந்த மனு எழுதும் நேரத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு உயிரோடு இருக்கிறார். அவர் பெயர் அமிர்தவல்லி.

இடம்: ஊசிமேடு, புதுச்சேரி
நாள்: 28-7-1982

இப்படிக்குத் தங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
க. முருகையன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)