மிஸியின் கிளச்சும் என் சைக்கிள் பிரேக்கும்

மிஸி,

நேற்று ஒரு வாத்தியார் தன் மோட்டார் சைக்கிளைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். கிளச்சை முழுக்கப் பிடித்தாலும் வண்டி இழுக்கிறதாம். சந்தியில் நிற்பாட்டினால் முன்னால் நிற்கிற ஆளை இடிக்கப் பார்க்கிறதாம். "நான் ஒண்டும் செய்யல்ல, அதுவாத்தான் வந்த" என்றார். எண்ணெய் மூடியைத் திருகித் திறந்தேன். கியர் ஒயில் மணம் மூக்கில் அடித்தது. கூழ்முட்டையை உடைத்து வைத்தது போல அந்த நாற்றம். வாசப் பவுடர் போட்டுத் திரிந்த உங்களை நான் இந்த நாற்றத்தில்தான் நினைக்க வேண்டியிருக்கிறது. கோபிக்க வேண்டாம். காரணம் உங்களுக்கே தெரியும்.

நாலாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன். பிழைகளைக் கண்டால் அங்கே இருந்தபடியே சிரியுங்கள்.

சண்டைக் காலம் அது. வாவிக்கு மேற்கே, வவுணதீவுக்கும் உள்ளே எங்கள் ஊர். நீங்கள் அங்கே பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவமாது. ஆஸ்பத்திரி வாவிக்கு அந்தப் பக்கம், நகரத்தில். இடையில் பாலம், பாலத்தடியில் ஆமிக்காரரின் சென்ரிக் காவலரண். எஞ்சின் ஒயில் ஒரு போத்தல்கூட அதைத் தாண்டி எங்கள் பக்கம் வராது. உங்கள் பழைய நைன்ரி சீசீ மோட்டார் சைக்கிளுக்கு ஊரில் இருந்த ஒரே வைத்தியன் நான். அதனால் என்னை "டொக்டர்" என்றே கூப்பிட்டீர்கள். இருவருக்கும் ஒரே வயது, ஒரே பகிடி வாய்.

ஒருநாள் கிளச் கம்பி அறுந்தது. புதுக் கம்பிக்கு எங்கே போவது? என் சைக்கிளின் முன் பிரேக் கம்பியைக் கழற்றி உங்கள் கிளச்சில் மாட்டினேன். எஞ்சினையும் ஒருதரம் கழுவி எண்ணெய் மாற்றி விட்டேன். அந்தக் கிழமையே திரும்பி வந்தீர்கள்.

"டொக்டர், கிளச்சப் பிடிச்சாலும் வண்டி ஊருது. நியூற்றல் கியரும் விழுகுதில்ல. என்னகா செஞ்ச நீங்க?"

"வண்டியில ஒரு பிழையுமில்ல மிஸி. உங்கட கையிலதான் பலமில்ல. ரெண்டு கிழமைக்கு மா இடிங்க, சரியா வரும்."

"பிள்ளப் பெறுவிக்கிற கை இது. கழுத்தக் காட்டுங்க, பலம் இரிக்கா இல்லையா எண்டு பாப்பம்."

நான் சிரித்துக்கொண்டே கம்பியை இழுத்து இறுக்கினேன். அடுத்த கிழமையும் இறுக்கினேன். அதற்கடுத்த கிழமை நீங்கள் முழங்கால் தோல் உரிந்து வந்தீர்கள். சென்ரியில் "நில்லு" என்ற பிறகும் வண்டி ஊர்ந்திருக்கிறது. ஆமிக்காரன் துவக்கைத் தூக்கியிருக்கிறான். வண்டியை அப்படியே விழுத்திவிட்டுக் கையைத் தூக்கினீர்களாம். அன்றைக்கும் கம்பியைத்தான் இறுக்கினேன்.

பிறகு அந்தக் காலை வந்தது. என் மனைவிக்குத் தலைப்பிள்ளைக்கு நோவு கண்டது. வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்த உங்கள் முகத்தில் பகிடி இல்லை.

"பிள்ள குறுக்காக் கிடக்குது. இஞ்ச வச்சிப் பாக்கேலாது. டவுணுக்குக் கெதியாக் கொண்டு போகணும்."

உழவு இயந்திரத்துக்கு டீசல் இல்லை. ஊரில் ஓடக்கூடியது உங்கள் வண்டி ஒன்றுதான். உதைத்து, கிளச்சைப் பிடித்துக் கியர் போட்டீர்கள். வண்டி துள்ளி விழுந்து நின்றது. இன்னொரு தரம். அதே துள்ளல். இதில் வயிற்றுப் பிள்ளைக்காரியை ஏற்றிச் சென்ரியில் எப்படி நிற்பாட்டுவது?

நீங்கள் இறங்கி என் முன்னால் வந்து நின்றீர்கள். நோயாளிகளிடம் கேட்கிற அதே குரல்.

"டொக்டர், உள்ளதச் சொல்லுங்க. என்ன ஊத்தின? எவ்வளவு? வெக்கத்தப் புறகு படுவம்."

சொன்னேன். எஞ்சின் ஒயில் கிடைக்கவில்லை. உழவு இயந்திரத்தின் கியர் ஒயிலை ஊற்றினேன். தடித்த எண்ணெய். கிளச்சுத் தகடுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும் என்று தெரியும். தெரிந்தும் ஊற்றினேன். உள்ளதைச் சொன்னால் மரியாதை போய்விடும் என்று உங்கள் கையில் பழியைப் போட்டேன்.

உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. "எனக்கும் சேத்து அந்த மனிசனுக்கு ஒண்டு போடுங்க மிஸி!"

நீங்கள் அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. "சரி, இப்ப என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டீர்கள். அது அடியைவிட நன்றாக வேலை செய்தது. கருப்புக் கூழாக இறங்கிய எண்ணெயை வடித்தேன். விளக்குகளில் இருந்த மண்ணெண்ணெயைச் சேர்த்து எஞ்சினை அலசினேன். பூட்டிக் கிடந்த நெல்லு மில்லுக்கு ஓடி அதன் எஞ்சினில் இருந்த எண்ணெயைக் கேட்டேன். "எடுகா, மில்லு இப்ப அரிசியா குத்துது?" என்றார் மில்காரர். ஊற்றிவிட்டு, இறுக்கி வைத்த கம்பியையும் அளவாகத் தளர்த்தினேன். வண்டியைக் கியரில் போட்டு, கிளச்சை நெரித்துப் பிடித்து, முன்னும் பின்னுமாக உலுக்கினேன். பத்துத் தரம் இருக்கும். 'டக்' என்று ஒரு சத்தம். தகடுகள் விட்டன. சில்லு காற்றுப் போல உருண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என் மனைவியைப் பின்னால் இருத்தி, சேலையால் உங்களோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போனீர்கள். நான் சைக்கிளில் பின்னால் மிதித்தேன். சென்ரியில் உங்கள் வண்டி நின்றதைத் தூரத்திலிருந்தே கண்டேன். கல்லுப் போல நின்றது. காலால் ஒரு தட்டு, நியூற்றல் விழுந்தது. எஞ்சின் அணைந்தது. மாமாங்கேஸ்வரரைக் கும்பிட்டேன்.

கும்பிட்ட பிறகுதான் என் சைக்கிளை நினைத்தேன். பின் பிரேக் பிறவியிலேயே இல்லை. முன் பிரேக் உங்கள் கிளச்சில் இருக்கிறது.

"நில்லு!" என்றான் ஆமிக்காரன். நிற்க எனக்கும் ஆசைதான். காலைத் தேய்த்தேன், செருப்பு பறந்தது. உங்களையும் கடந்து போய்த் தார்ப் பீப்பாவில் மோதி விழுந்தேன். நிமிர்ந்தால் துவக்கு வாய் என் மூக்குக்கு நேரே.

"பிஸ்ஸு மாத்தயா, பிஸ்ஸு!" என்று கத்தினீர்கள். பைத்தியம் ஐயா, பைத்தியம் என்று. உங்களுக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதி அதுதான். அவன் என்னைப் பார்த்தான், என் மனைவியின் வயிற்றைப் பார்த்தான், தனியாகக் கிடந்த செருப்பைப் பார்த்தான். துவக்கு இறங்கியது. தடையைத் தூக்கியவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

பின்னேரம் மகள் பிறந்தாள். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள், தாய்க்கும் பிள்ளைக்கும் குறையில்லை. இன்றைக்கு அவள் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகிறாள். எண்ணெய் மாற்ற மட்டும் என்னிடம் தருவதில்லை. தாய் கதை சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

பாதை திறந்து புதுக் கம்பி வந்தபோது பழையதைக் காயம் கட்டும் துணியில் சுற்றித் தந்தீர்கள். "இந்தாங்க டொக்டர், உங்கட பிரேக்கு." கடைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. போன பங்குனியில் நீங்கள் கண்ணை மூடிவிட்டதாகச் செய்தி வந்த அன்று அதற்கு எண்ணெய் தடவினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று அந்த வாத்தியாரையும் அதன் கீழேதான் இருத்தினேன். "சேர், உள்ளதச் சொல்லுங்க. என்ன ஊத்தின? எவ்வளவு? வெக்கத்தப் புறகு படுவம்."

சொன்னார். மச்சான்காரர் உழவு இயந்திரத்துக்கு வாங்கி மிஞ்சிய கியர் ஒயிலாம்.

என் வாயை நீங்கள் அறிவீர்கள். செத்த வீட்டிலும் பகிடி விடுகிற வாய். ஆனால் உள்ளதைச் சொன்ன ஆளைப் பார்த்து இன்றுவரை நான் சிரித்ததில்லை, மிஸி. "சரி, இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டுத் திருகுசாவியை எடுத்தேன்.