கிடா சிரித்தால் சொல்

பூன் லே,
சிங்கப்பூர்.

அன்புத் தங்கச்சி சம்சுன்னிசாவுக்கு ராத்தா ஹஸீனா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லாரும் சுகம். பேத்தி சாதியாவுக்குப் புக்கிட் பாஞ்சாங்கில் வீடு கிடைத்துவிட்டது. சமையலறை சின்னதுதான், ஆனால் நல்ல காற்று.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாய், உன்னைக் கட்டிய மாப்பிள்ளை ஜமால் முகம்மது பக்கத்திலிருந்து கேட்பார். அதனால்தான் ஊருக்கு வரும் பேரன் ரிஸ்வானிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை வீடியோவில் ஆட்டுக்குப் புல் நறுக்கும் மெஷினை ஓட்டிக் காட்டினாயே. ஆடுகளைப் பார்த்து மனசு குளிர்ந்தது. ஆனால் நீ குனிந்து புல்லைத் தள்ளும்போது உன் துப்பட்டி முனை பெல்ட்டுக்குப் பக்கத்தில் ஆடியது. ரிஸ்வான் பார்த்துவிட்டு, "நன்னி, பெல்ட்டு மேல கவரே காணோம் லா. துணி மாட்டுச்சுன்னா ஆளையே இழுத்துடும்" என்றான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூடியைக் கழற்றியது யாரென்று நீ சொல்ல வேண்டாம். நான் வாங்கித் தந்த மேசை விசிறியில், கூண்டு காற்றை மறைக்கிறது என்று கழற்றி எறிந்த அதே ஜமால் முகம்மதுதான். பூனைக்கு வால் நுனி போனதை அவர் மறந்திருப்பார். நான் மறக்கவில்லை.

இத்துடன் இரண்டு துடோங் இருக்கிறது. மலாய்ப் பெண்கள் தலையில் போடுவது. தலை வழியே மாட்டிக் கீழ்ப்பக்கத்தைச் சட்டைக்குள் செருகிவிட்டால் தொங்கும் முனையே இருக்காது. நம்ம அன்வர் கல்யாணத்துக்கு நான் இதைப் போட்டு வந்தபோது, ஒரே பெரிய சஹன் தட்டில் என்னோடு சாப்பிட்டுக்கொண்டே, "ராத்தா மலாய்க்காரி ஆயிட்டா" என்று பந்தல் முழுக்கக் கேட்கச் சிரித்தாய். இப்போது நீ போடு. கிடா சிரித்தால் எனக்குச் சொல்.

மூடியைத் திரும்பப் பூட்டிப் படம் அனுப்பு. அதுவரை அரிவாளால் நறுக்கு. அப்புறமும், புல் சிக்கினால் உள்ளே கையை விட்டுவிடாதே. சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கு, சக்கரம் தானாக நிற்கட்டும். படம் வரவில்லையென்றால் உன் மாப்பிள்ளைக்கே போன் போட்டு, பூனையிலிருந்து ஆரம்பிப்பேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வருகிறேன். கறுப்புக் கிடாவை நான் வரும்வரை விற்றுவிடாதே. கார் வாசலில் நின்றதும், எப்போதும் போல இரண்டு கையாலும் என்னைப் பிடித்து இறக்கு. அல்லாஹ் உன்னை எனக்கு முழுசாக வைத்திருக்கட்டும்.

உன் ராத்தா,
ஹஸீனா