ஜெனரல் அணியாத தொப்பி

தொப்பிக்குள் மூக்கை விட்டே ஆளைச் சொன்ன என் அன்பு வடிவக்காவுக்கு,

நீ போனபின் தில்லிக்கு இது இரண்டாவது குளிர்காலம். புகை வழக்கம்போல் வந்துவிட்டது. நீ ஆசையாகச் சேர்த்த பழைய தொப்பிகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. மெஹ்ரோலிப் பக்கம் ஒரு ரெஸ்டாரண்டில் சுவரில் தொங்குகின்றன.

உன் மகன் கார்த்திக்தான் கொடுத்திருக்கிறான். துவாரகா ஃப்ளாட்டில் வைக்க இடமில்லையாம். நகராத சைக்கிள் ஒன்றுக்கு அங்கே தனி அறை இருக்கிறது. அது வேறு விஷயம்.

போன ஞாயிறு என்னை அங்கே சாப்பிடக் கூட்டிப்போனான். வெள்ளைக்காரர்களின் தக்கைத் தொப்பிகளுக்குள் பல்பு மாட்டியிருக்கிறார்கள். நீ பாச்சை உருண்டை போட்டுக் காத்த காஷ்மீர்க் குல்லாவில் பில் வருகிறது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். சாப்பிட வந்த இடத்தில் சத்தம் போடக்கூடாது என்று நீதானே வளர்த்தாய்.

நடுச்சுவரில், தனி விளக்கின் கீழ், அந்த ஜரிகை வைத்த கறுப்புத் தொப்பி. பக்கத்தில் ஒரு பித்தளைத் தகடு. ஆங்கிலத்தில் இப்படி எழுதியிருந்தது: பிரிட்டிஷ் ஜெனரல் ஒருவர் அணிந்தது. அடையாளம் கண்டவர், திருமதி சண்முகவடிவு.

உன் பெயர், அக்கா.

ஜும்மா மசூதி அருகே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் நாம் அதை வாங்கியபோது, கடைக்காரரும் ஜெனரல் சாகிபுடையது என்றுதான் சொன்னார். நானும் நம்பினேன். நீ சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் வாசலில் வெயிலில் உட்கார்ந்து உள்துணியைப் பிரித்தாய். விறைப்புக்காக உள்ளே வைத்திருந்தது ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டை. தாடை வார் தோல் இல்லை, ரெக்ஸின். உச்சியில் இறகு செருக ஒரு துளை. பிறகு, "மோந்து பாருலே" என்று என் முகத்துக்கு நேரே நீட்டினாய். கடுகெண்ணெய்.

"கல்யாண ஊர்வலத்துல பேண்டு வாசிச்சவரு தொப்பியாக்கும் இது. ஊதுனாரா, டிரம் அடிச்சாரான்னு தெரியல. தெரியாததை எழுதப்படாது."

"ஏன், ஜெனரல் கடுகெண்ணெய் தேய்ச்சிருக்கக் கூடாதா?"

"தேய்க்கட்டும். கல்யாணப் பத்திரிகையைத் தலையில வச்சுக்கிட்டு சண்டைக்குப் போவானாலே?"

இருந்தவற்றில் உனக்குப் பிடித்தது அதுதான். துரைமார் தொப்பியைக் காப்பாற்ற ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஊரார் கல்யாணத்துக்குக் குளிரில் நின்று வாசித்தவரை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டாய். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று தெரிகிறது. வைத்திருக்கிறார்கள், அவரை வெளியே தள்ளிவிட்டுத் தொப்பியை மட்டும்.

"யாருப்பா இதை எழுதினது?" என்றேன்.

"நான்தான் மாமா. ஓனர் ஒரு ஸ்டோரி கேட்டார்."

"அம்மா என்ன சொன்னாள்னு உனக்குத் தெரியுமே."

"தெரியும் மாமா. பேண்ட்வாலான்னு போட்டா யாரு ஃபோட்டோ எடுப்பா? அம்மாவுக்கும் ஒரு நேம் கிடைக்குதில்ல?"

பெற்ற தாயைப் பொய்ச்சாட்சி ஆக்குவதற்கு என்ன பெயர் அக்கா? அவன் மார்க்கெட்டிங் என்கிறான். எம்.பி.ஏ. படித்தவன், சரியாகத்தான் இருக்கும். நீ வேலை பார்த்த லோதி ரோடு ஆபீஸில் உனக்குத் தெரியாத விஷயத்தில் ஒரு கையெழுத்து வாங்க மேலதிகாரிகள் படாத பாடு பட்டார்கள். உன் மகன் நீ செத்தபிறகு சுலபமாக வாங்கிவிட்டான்.

என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், மேனேஜர் வந்தார். மிகவும் மரியாதையானவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அச்சா, மேடம் பெயர்தானே பிரச்சினை? எடுத்துடலாம் அங்கிள்ஜி" என்றார். ஜெனரல் இருப்பாராம், நீ போய்விடுவாயாம். கார்த்திக் நிம்மதியாகத் தலையாட்டினான். "பாத்தீங்களா மாமா, ப்ராப்ளம் சால்வ்ட்."

பக்கத்து மேசையிலிருந்து ஓர் இளம் ஜோடி எழுந்துபோய்த் தொப்பிக்கு சல்யூட் அடித்து ஃபோட்டோ எடுத்துக்கொண்டது. ஐஸ்கிரீம் வந்தது. சாப்பிட்டேன்.

கார்த்திக் கை கழுவப் போனான். நான் நாற்காலியைச் சுவரோடு இழுத்துப் போட்டு ஏறினேன். இந்த வயதில் ஏறக்கூடாதுதான். தொப்பியை எடுத்துத் துணிப்பைக்குள் வைத்தேன். தில்லியில் நரைத்த தலையும் துணிப்பையும் சேர்ந்தால் யாரும் எதையும் கேட்பதில்லை. காவலாளி கதவைத் திறந்துவிட்டு நமஸ்தே சொன்னார். முனிர்காவில் என் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

காலையில் உன் மகனின் ஃபோன்.

"மாமா, சொல்லாம போயிட்டீங்க. ரெஸ்டாரண்டில ஜெனரல் தொப்பியைக் காணோமாம். உங்ககிட்ட இருக்கா?"

"ஜெனரல் தொப்பி எதுவும் எங்கிட்ட இல்லைப்பா."

கோபத்தில் ஃபோனை வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

"பேண்ட்வாலா தொப்பி?" என்றான், மெதுவாக.

"அது இருக்கு. அம்மா சொன்னதை அப்படியே எழுதித் தகட்டை மாத்திட்டு வா, தர்றேன்."

இன்னும் வரவில்லை. வருவானா? அவனுக்குள் உன் பிடிவாதம் கொஞ்சம் இருக்கிறது, இப்போதைக்குத் தப்பான பக்கத்தில்.

அவன் வரும்வரை தொப்பி என் அலமாரியில், என் சட்டைகளுக்கு மேலே இருக்கும். நான் இருக்கும்வரை அந்த வாத்தியக்காரருக்கு யாரும் பதவி உயர்வு கொடுக்க முடியாது. இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்தவன்,
நெல்லையப்பன்