வரேன் என்று சொல்லக் கூடாத வாசல்

என் பாசத்துக்குரிய கோதண்டம் அண்ணனுக்கு,

நீ அங்கே சௌக்கியமாக இருப்பாய். இங்கே நாங்கள் அப்படி இல்லை. எடுத்த எடுப்பிலேயே சண்டை பிடிக்கிறாளே என்று நினைக்காதே. நல்ல சேதி ஏதாவது கையில் இருந்திருந்தால் அதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

உன் கடையைப் பூட்டிவிட்டார்கள். காவாந்தண்டலம் ரோட்டில் நீ எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டிருந்த கடை. செவ்வாய்க்கிழமை சாயங்காலமானால் ரிப்பேருக்கு வந்த பம்புகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஜெயிலுக்குப் போய் வந்து, குடியையும் விட முடியாமல் தவிக்கிற எங்களையெல்லாம் வட்டமாக உட்கார வைப்பாயே, அந்த இடம். சாவி இப்போது உன் தம்பி முனுசாமியிடம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவரிடமாவது இன்னொரு சாவியைக் கொடுத்து வைக்க உனக்குத் தோன்றவில்லையா? மாரடைப்பு என்ன, சொல்லிவிட்டா வரும்?

எதனால் பூட்டினான் தெரியுமா? ஒரே ஒரு வார்த்தையால். அதுவும் நீ பழக்கிவிட்ட வார்த்தை.

விடுதலையாகிறவர்கள் ஜெயில் வாசலில் 'வரேன்' என்று சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. சொன்னால் மறுபடியும் அங்கேயே வந்து சேருவோம் என்று எல்லோருக்கும் பயம். சாராயம் விற்று, விற்றதையே குடித்துப் பழகி, கேஸில் மாட்டி உள்ளே போனவள் நான். வெளியே வந்த அன்று வார்டர் அம்மாவே, "வாயை மூடிக்கினு போ தனம்" என்றுதான் அனுப்பினார். அந்தப் பழக்கம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. கடைகளுக்கு மாவு பாக்கெட் போடக் கிளம்பினாலும் சொல்லாமல்தான் கிளம்புவேன். "போறவ வரேன்னு ஒரு வார்த்தை சொல்றாளா பாரு" என்று என் மாமியார் கரித்துக்கொட்டுவார்.

நீதான் அதை மாற்றினாய். கூட்டம் முடிந்து உன் வாசலைத் தாண்டும்போது ஒவ்வொருவரும் "வரேன்ணா" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். "சொல்லாம போறவன் நேரா ஒயின் ஷாப்புக்குத்தான் போறான்" என்பாய். யாராவது நழுவினால் வண்டியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டு முன்னாலேயே போய் நிற்பாய். திட்டிக்கொண்டேதான் சொல்லப் பழகினோம். பிறகு அது இல்லாமல் அந்த வாசலைத் தாண்ட முடியாது என்று ஆகிவிட்டது.

உனக்கு வீடும் கடையும் ஒரே வாசல்தானே. உனக்குக் கொள்ளி வைத்துவிட்டுச் சுடுகாட்டிலிருந்து எல்லோரும் திரும்பி வந்தார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பஜாரில் செருப்புக்கடை வைத்திருக்கும் நம் அன்வர் பாய்க்குத் தெரியாதா? ஊரில் அவர் போகாத சாவு உண்டா? ஆனால் கிளம்பி உன் வாசலைத் தாண்டியதும் அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது. "வரேன்ணா" என்றார். பின்னாலேயே நம் ஆட்கள் அத்தனை பேரும் "வரேன்ணா, வரேன்ணா" என்று வரிசையாகச் சொன்னார்கள். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாய்யா இது! சாவு வூட்ல வந்து வரேன்றீங்க? எங்க வூட்ல இன்னும் யாரு சாவணும்?" என்று முனுசாமி கத்தினான். அன்வர் பாய் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். காரியம் முடிந்த மறுநாள் ஷட்டரில் பூட்டு தொங்கியது.

கேட்கப் போனேன். "எம் பொண்ணைப் பாக்க வர்றவங்க இன்னா கூட்டம் இதுன்னு கேட்டா நான் இன்னா சொல்லட்டும்? ஜெயில்லேர்ந்து வந்தவங்கன்னா?" என்றான். அவன் பேச்சிலும் நியாயம் இருக்கிறது, அண்ணா. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். போலீஸ்காரர்கள் ஜீப்பை நிறுத்தி "இன்னா கும்பல் இங்க?" என்று விசாரித்தார்கள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தோம். அங்கே எவன் வாய் திறந்து அழுவான்? ஊரில் ஹால் வைத்திருக்கும் ஒரு பெரிய மனுஷர் மட்டும் இடம் தருவதாகச் சொன்னார். "குடியை வுட்டவங்கன்னு சொல்லிக்க, போதும். ஜெயில் கதை எதுக்கும்மா?" என்றார். எனக்குச் சபலமாகத்தான் இருந்தது. மின்விசிறி, நாற்காலி, எல்லாம் இருக்கிற இடம்.

ஆனால் சேகரை என்ன செய்வது? நீ போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வெளியே வந்தானே, காவாந்தண்டலத்துக்காரன். இன்னும் கதவைச் சாத்தினால் அவனுக்குத் தூக்கம் வருவதில்லை, அதற்காகத்தான் குடிக்கிறான். உள்ளே இருந்ததைப் பேசக் கூடாத இடத்தில் அவன் எதைப் பேசுவான்? உன் வாசலில் ஒருநாள்கூட அவன் 'வரேன்' சொன்னதில்லை. "அவசரப்படுத்தாத தனம், சொல்லுவான்" என்றாய். சொல்லுவதற்குள் நீ போய்விட்டாய்; உன் சாவு வீட்டுக்கு வர அவனுக்குத் தைரியம் இல்லை.

அப்புறம் கூட்டத்துக்கும் அவன் வருவது நின்றுபோனது. நீ செய்கிற மாதிரி நானும் அன்வர் பாயும் தேடிப் போனோம். ஒயின் ஷாப்புக்கு எதிரே ரோட்டின் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தான். "உள்ள போவலக்கா. ஆனா வூட்டுக்கும் போவ முடியல" என்றான்.

"செவ்வாய்க்கெழம வாடா."

"எங்கக்கா வரது? எடம் எங்க கீது?"

எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. எங்களை நிற்கப் பழக்கினாயே, நீ இல்லாமல் நிற்கவும் பழக்கியிருக்கக் கூடாதா?

போன செவ்வாய்க்கிழமை உன் ஷட்டருக்கு வெளியே, ரோட்டோரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்துவிட்டோம். சேகரும் வந்து, ஓரமாக, எழுந்து ஓடத் தோதாகக் குந்தினான். முனுசாமி வண்டியில் வந்து இறங்கினான். கத்தினான் பார், ரோடே வேடிக்கை பார்த்தது. "ஷட்டரைத் தொட்டீங்கன்னா நடக்கறதே வேற! ரோட்ல இன்னாவோ பண்ணிக்கினு போங்க!" என்றான். நாங்கள் சாக்கிலேயே உட்கார்ந்திருந்தோம். கத்தி ஓய்ந்து, வண்டியை உதைத்துக் கிளப்பி, எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டி, "சரி, வரேன்" என்றான்.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. முகத்தைப் பார்க்க வேண்டுமே! முதலில் சிரித்தது அன்வர் பாய். அப்புறம் எல்லோரும் சிரித்தோம். முனுசாமி மட்டும் விறைப்பாகவே போனான், ஆனால் எங்களைப் போகச் சொல்லவில்லை. பூட்டு இன்னும் தொங்குகிறது, அண்ணா. ஹால்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மழை வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

இருட்டும்போது எல்லோரும் எழுந்தோம். சேகர் சாக்கை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு ரோட்டைப் பார்த்து நின்றான். நான் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான். "வரேன்க்கா."

உன் சாவு அன்றைக்கு உன் வாசலில் நான் மட்டும்தான் சொல்லவில்லை. முறை தெரிந்தவள் என்று நாலு பேர் நினைக்கட்டும் என்று நின்றேனோ என்னவோ, இன்றுவரை அது நெஞ்சில் அடைத்துக்கொண்டிருக்கிறது. இப்போது சொல்லிவிடுகிறேன். பயப்படாதே, நீ இருக்கிற இடத்துக்கு வருகிற உத்தேசம் இப்போதைக்கு இல்லை. உன் ஷட்டருக்கு வெளியே, சாக்கோடு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.

வரேன்ணா.

உன்னோடு பிறக்காத உன் தங்கச்சி,
தனம்