நீ ஒட்டாமல் கொடுத்த கவர்

என் அன்பு மச்சான் எத்திராஜுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க வழியில்லை. அதனால் என் சேதியையே முதலில் சொல்லிவிடுகிறேன். இன்று காலையும் பால்காரரோடு வாக்குவாதம். பாலில் தண்ணீர் இல்லை என்று அவர் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார். இவ்வளவு சத்தியம் செய்கிறாரே, அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. நீ இருந்திருந்தால், "இன்னா சி.ஐ.டி., காலைலயே டூட்டில சேந்துட்டியா?" என்று கேட்டிருப்பாய்.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்ப் பத்து மாதம் ஆகிறது. "ஒண்ணுமில்ல மச்சான், கீழாநெல்லி அரைச்சிக் குடிக்கறேன், சரியாப் பூடும்" என்றாய். ஊரையே நம்பாத நான் அதை மட்டும் அப்படியே நம்பினேன். உன்னைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸுக்கு ஓடியிருக்க வேண்டாமா? அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. அந்தக் கவரைப் பற்றிப் பேச வேண்டும்.

கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த நேரம். உனக்குக் கன்னியம்மாவோடு கல்யாணம் ஆன புதுசு. நான் எளாவூரில் நெல்லு போடும் வீட்டுப் பிள்ளை, நீ பழவேற்காட்டு ஏரியில் வலை போடும் வீட்டுப் பிள்ளை. பொன்னேரியில் ஒரே பெஞ்சில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தோம். இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், செக்போஸ்ட் எதிரே டீக்கடையில் உட்கார்ந்து மனு எழுதினோம். எந்தப் பிரிவில் வேலை பார்க்க விருப்பம் என்று இங்கிலீஷில் ஒரு வரி எழுத வேண்டும். உனக்கு இங்கிலீஷ் வரும். எனக்குச் சந்தேகம்தான் வரும்.

எனக்கு நீ எழுதிக் கொடுத்தது, 'ஐ வுட் ப்ரிஃபர் டு வொர்க் இன் த ஸ்டோர்ஸ்.' உனக்கு எழுதிக்கொண்டது, 'ஐ ப்ரிஃபர் வொர்க்கிங் இன் த மெல்ட்டிங் செக்‌ஷன்.'

"எனக்கு 'டு', உனக்கு 'இங்'கா? இது இன்னா நாயம்?" என்று கேட்டேன்.

"ப்ரிஃபர் தனியா வந்தா ரெண்டுமே சரிதான் மச்சான். வுட் சேந்துச்சின்னா டு தான் போடணும். எப்பவும் புடிக்கறத சொல்லச்சொல்ல 'இங்' போட்டா நல்லா இருக்கும். இந்த ஒரு வேலைதான் வோணும்னு கேக்கச்சொல்ல வுட் போட்டு டு. மருவாதியா இருக்கும்."

"ரெண்டும் சரின்னா எனக்கும் அந்த 'இங்'கையே போட வேண்டிதானே?"

"பேஜாரு பண்ணாதே. நாஷ்டா துண்ணு, சைக்கிள எடு" என்று சிரித்தாய்.

ரெண்டும் சரி என்று ஒருவன் சொன்னால் எதையோ மறைக்கிறான் என்றுதான் என் புத்திக்குப் பட்டது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? உன் வரி சுருக்கமாக, நிமிர்ந்து நின்றது. என் வரி நீளமாக, கையைக் கட்டிக்கொண்டு கெஞ்சியது. அதற்கு மேல் ஸ்டோர்ஸ் என்றால் துருப்பிடித்த போல்ட்டுகளுக்குக் காவல் இருக்கும் இடம் என்றுதான் நினைத்திருந்தேன். கம்பெனிக்கு உயிரான உருக்குப் பிரிவை உனக்கு வைத்துக்கொண்டு என்னை ஓரம் கட்டுகிறாய் என்று முடிவே செய்துவிட்டேன்.

சைக்கிள் என்னிடம்தான் இருந்தது. அதனால் இரண்டு மனுவையும் நானே கம்பெனி கேட்டில் கொடுப்பதாகப் பேச்சு. உன் கவர் ஒட்டாமல் இருந்தது. அது வேறு என்னை உறுத்தியது. ரோட்டோரப் புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்தினேன். உன் மனுவை எடுத்து, புதுத் தாளில் உன் வரியை எழுத்துக்கு எழுத்து அப்படியே எனக்கு எழுதிக்கொண்டேன். நீ எழுதித் தந்ததைக் கிழித்து வயலில் வீசினேன். எனக்குச் சின்ன வயதிலிருந்து இழுப்பு. உலை பக்கம் போய் நின்றால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. நீ ஏமாற்றாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான் அப்போது எனக்குப் பெரிதாக இருந்தது.

இருவருக்கும் வேலை கிடைத்தது, இருவரையும் உருக்குப் பிரிவில் போட்டார்கள். என்னைப் பார்த்து நீ ஆச்சரியப்படவே இல்லை. அதையும் சந்தேகப்பட்டேன்.

பதினைந்தே நாள். புகையும் சூடும் என் நெஞ்சைப் பிடித்துவிட்டன. மூச்சு வாங்கி ஒரு மூலையில் நான் குந்தியிருக்க, நீ நேராக ஃபோர்மேனிடம் போனாய். "இவனுக்கு இழுப்பு சார். மொதல்லருந்தே உண்டு. ஸ்டோர்ஸ்ல போட்டுடுங்க" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாய். மறுநாளே என்னை மாற்றினார்கள். என் நோயை ஊரறியச் சொல்லி என்னைத் துரத்திவிட்டாய் என்று ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தேன். கேன்டீனில் நீ எதிரே வந்து உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன். நீ மறுநாளும் வந்து எதிரேயே உட்கார்ந்தாய்.

போன வாரம் உன் கன்னியம்மா எளாவூர் வந்தாள். நம் கேன்டீனில் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்களாம். மனு எழுதித் தரச் சொன்னாள்.

"எந்த வேலைன்னாலும் சரின்னு எழுதாதீங்கண்ணா. கேன்டீன்னே எழுதுங்க. சாயங்காலம் பொண்ணு இஸ்கூல் உட்டு வரச்சொல்ல நான் ஊட்ல இருக்கணும்."

நான் பேனாவை எடுத்து, வுட் போட்டு, டு போட்டு எழுதினேன். கை நின்றுவிட்டது. அவளிடம் புளியமரத்துக் கதையைச் சொல்லிவிடலாமா என்று தொண்டை வரை வந்தது. அதற்குள் அவளே சிரித்தாள்.

"இன்னாண்ணா, அவரு கவரப் பிரிச்சீங்களே, அந்த நெனப்பா?"

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவளைக் கேட்டேன்.

"இன்டர்வியூல ரெண்டு பேப்பரும் ஒரே மாரி இருக்குதே, யாரு யாரப் பாத்து எழுதனீங்கன்னு ஆபீசரு கேட்டாராம். ரெண்டு பேரையும் அனுப்பிடுவேன்னு கோவப்பட்டாராம். இவருதான், ஒண்ணா படிச்சோம் சார், ரெண்டையும் நான்தான் எழுதனேன், அவன் மேல தப்பில்லன்னு சொல்லிட்டு வந்தாரு. ஊட்ல வந்து ஒரே சிரிப்பு. ஸ்டோர்ஸ்ல ஒரே எடந்தான் இருக்குது, இழுப்புக்காரனாச்சேன்னு அவனுக்கு எழுதிக் குட்த்தா, என்னுத காப்பி அடிச்சிக்கினு போயிட்டான் பாருன்னாரு."

மச்சான், நீ ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? சட்டையைப் பிடித்து இரண்டு அறை விட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். ஒரு மாதம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்தபோதுகூட உனக்குச் சொல்லத் தோன்றவில்லையா? நான் வெட்கப்படுவேன் என்று விட்டாயா?

"அப்ப கவர ஒட்டியாவது குட்த்திருக்கலாமே" என்றேன்.

"அன்னிக்கு ஊட்லருந்து கவர எடுத்துக்கினு கெளம்பச்சொல்ல பசையும் குட்த்தேண்ணா. ஒட்டிக் குட்த்தா மச்சானுக்கு சந்தேகம் வரும், அப்டியே குடுக்கறேன்னு அவருதான் சொன்னாரு."

அவள் போனாள். அழுதேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அழுதேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சமாக இருந்ததும் பேயாகத் தெரிந்திருக்கிறது. இந்தப் புத்தி ஒரே நாளில் போகாது. பால்காரரிடம் நாளைக்கும் கேட்பேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். கன்னியம்மாவின் மனு என் சட்டைப் பையில் இருக்கிறது. அவளும் கவரை ஒட்டாமல்தான் கொடுத்தாள். திங்கட்கிழமை அதைக் கேட்டில் கொடுத்துவிட்டு வந்துவிட மாட்டேன். உள்ளே போய், அன்று நீ எனக்காக நின்ற இடத்தில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி அவளுக்காகக் கேட்பேன். நீ எழுதித் தந்து நான் கிழித்தேனே, அதே வரியைத்தான் அவளுக்கு எழுதியிருக்கிறேன். இடத்தின் பெயரை மட்டும் மாற்றினேன்.

கவரைப் பிரிக்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பேன் என்று சத்தியம் செய்கிறேன். சத்தியம் செய்கிறானே என்று நீ சந்தேகப்பட மாட்டாய்.

உன் மச்சான்,
கன்னியம்மாவுக்கு அண்ணன்,
சி.ஐ.டி. தணிகாசலம்
எளாவூர்