சிப்பாயின் பக்கம் பேசியவனுக்கு

நீ செத்த பிறகுதான் எங்கள் ஆட்கள் உன்னைத் தங்களுடையவன் என்று சொல்லத் தொடங்கினார்கள். புலம்பெயர்ந்த எங்கள் தமிழர் கூடும் கிளென் வேவர்லி மளிகைக் கடையின் கண்ணாடிக் கதவில் இன்று இரண்டு சுவரொட்டிகள். இரண்டு சங்கங்கள், இரண்டு பொங்கல் விழாக்கள், இரண்டிலும் உன் பெயரில் நினைவுப் பட்டிமன்றம். படம் மட்டும் ஒன்றுதான். தமிழ்ச் சங்கம் இரண்டாக உடையுமுன் ஒரு பட்டிமன்ற மேடையில் எடுத்தது. பக்கத்தில் நின்ற என்னை வெட்டிவிட்டார்கள். ஒன்றில் என் தோள் மிஞ்சியிருக்கிறது. பார்க்கக் கூசியது.

அன்றைய தலைப்பை நான்தான் கொடுத்தேன். புதிதாய்ப் பிறந்த அமெரிக்கா யாருக்குக் கடன்பட்டது, போரிட்ட சிப்பாய்க்கா, அவனிடம் பத்திரம் வாங்கிய வியாபாரிக்கா? வரலாறு படித்த திமிர் எனக்கு. சபை கொட்டாவி விடும் என்று நினைத்தேன். நீ எழுந்து கதையாகவே சொன்னாய். விடுதலைச் சண்டை முடிந்தது, சம்பளம் கொடுக்க அரசிடம் காசில்லை. சிப்பாய்க்குக் கிடைத்தது வெறும் கடன் பத்திரம். பசியில் அதை அடிமாட்டு விலைக்கு விற்றான். அரசு முழுத் தொகையும் தரப்போவதை மோப்பம் பிடித்த நகரத்துப் பணக்காரர்கள், செய்தி ஊர்ப்புறம் போய்ச் சேருமுன் ஆளனுப்பி வாங்கிக் குவித்தார்கள். இதையும் இதுபோன்ற சண்டைகளையும் வைத்தே அந்த நாட்டு அரசியல் இரண்டு கட்சியாகப் பிளந்தது.

“தாளை வித்தவன், காயத்தையும் சேர்த்தோ வித்தவன்?” என்று கேட்டாய்.

நடுவர் அங்கிள் விடுவாரா? “தம்பி முதல்ல ஒரு வீட்டுக் கடன் எடுக்கட்டும். பிறகு வியாபாரியின்ர நியாயம் விளங்கும்.”

மண்டபம் சிரித்தது. மனு முடிவாகும்வரை மட்டும் தங்கவிடும் பிரிட்ஜிங் வீசாவில் இருந்த உனக்கு எந்த வங்கியும் கடன் தராது என்று அங்கே தெரியாதவர் யார்? வெற்றி வியாபாரி பக்கம் பேசிய என் அணிக்கு. நீ கீழே வந்து, “மச்சான், வியாபாரிக்காக நல்லாக் கத்தினாய். கொமிஷன் எவ்வளவு?” என்றாய்.

பிறகு சங்கம் பிளந்தது. உன் வீசா மனுவுக்கு ஆதரவாகச் சமூகத்திலிருந்து ஒரு கடிதம் தேவைப்பட்டது. “நீர் மற்றப் பக்கத்து ஆக்களோட திரியிற ஆள்” என்றார் ஒரு தலைவர். மற்றவரும் அதையேதான் சொன்னார். நீ செய்ததெல்லாம் இரண்டு விழாவிலும் ஆட்கள் உட்காரக் கதிரை தூக்கி அடுக்கியதுதான். கடிதம் கிடைக்கவில்லை. கிரெய்கிபர்ன் பண்டகசாலையில் வேலை முடிந்து திரும்பும் வழியில் விபத்தில் போனாய். மனுவுக்கு அப்போதும் பதில் வந்திருக்கவில்லை.

இப்போது உனக்கு விலை ஏறிவிட்டது. ஒரு கையெழுத்துக்குப் பெறாதவனாக இருந்த நீ இன்று இரண்டு மண்டபங்களை நிரப்புகிறாய். உன்னை அன்று மலிவாக விட்டவர்களே இன்று அந்தப் பத்திரம்போல முழுத் தொகைக்குக் காசாக்குகிறார்கள். அவர்கள் என் ஆட்கள். அவர்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். அந்த வெட்கம் கழுவினாலும் போகவில்லை.

கடைக்குள் அதே நடுவர் அங்கிள் நின்றார். இப்போது அந்த இரண்டில் ஒரு சங்கத்துக்குத் தலைவர்.

“தம்பி, எங்கட பிள்ளையின்ர நினைவுக்கு நீர்தான் நடுவரா வரவேணும்.”

“எங்கட பிள்ளை எண்டு எப்ப கண்டுபிடிச்சனீங்கள், அங்கிள்?”

“பழசைக் கிளறாதேயும்.”

“சரி, புதுசு சொல்லுறன். அவனோட அறையில இருந்த பெடியனுக்கும் வீசா இல்லை. அவன்ர மனுவுக்கு ஆதரவா ஒரு கடிதம் எழுதி, முதல் கையெழுத்தை நீங்கள் வையுங்கோ. பிறகு நான் வாறன்.”

அவர் முருங்கைக்காய்களை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்க்கத் தொடங்கினார்.

“இண்டைக்கே வையுங்கோ, அங்கிள்.”