முறியாத காலுக்குப் புத்தூர்க் கட்டு

என்னோடு பிறந்து, எனக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிட்ட என் செல்ல அவசரக்காரனுக்கு,

உன் பேரன் வகுப்பில் நாற்காலியை உடைத்துவிட்டான். சந்தோஷம்தானே? திருப்பதியில், பிள்ளைகளோடு பேசியே மனதைச் சரிசெய்யும் டாக்டரிடம் அவனை அழைத்துப் போகிறார்கள். எனக்கு நம் எட்டு வயது ஞாபகம் வந்து சிரிப்பு தாங்கவில்லை.

அப்போது ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் எல்லை பிரித்துக்கொண்டிருந்தார்கள். நம் வடமாலபேட்டை இந்த ஆந்திரப் பக்கம், அம்மா பிறந்த திருத்தணி அந்த மெட்ராஸ் பக்கம். "அந்தப் பக்கத்து ஆளுங்கல்லாம் அங்கியே பூடணும்" என்று யாரோ கேலியாகச் சொன்னதை நாம் இரண்டு பேரும் அப்படியே நம்பினோம். நீ பள்ளிக்கூடத்து ஓடுகளைக் கல்லால் அடித்து உடைத்தாய். நான் வாயே திறக்கவில்லை. ஒருநாள் காலையில் என் வலது காலை ஊன்ற முடியவில்லை.

உன்னைக் கண்டு ஊரே பயந்தது. என்னைப் பார்த்து, "பொண்ணு எவ்ளோ அடக்கம்" என்றது. நைனா என்னைப் புத்தூருக்குத் தூக்கிப் போனார். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவர் தடவிப் பார்த்து, "எலும்புலாம் நல்லாத்தான் கீது" என்றார். நைனா விடுவாரா? "அம்மாந்தூரம் தூக்கிக்கினு வந்துட்டேன், ஒரு கட்டு போட்டுடு சாமி." பச்சிலையும் முட்டையும் மணக்க, மூங்கில் பட்டையோடு வீடு வந்தேன்.

உன்னைத் திருப்பதியில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். என்னைத் தனியே விட முடியாமல் கூடவே தூக்கி வந்தார்கள். அந்தம்மா உன் கையில் பொம்மையைக் கொடுத்து, ஏன் கல்லெறிகிறாய் என்று கேட்டார். நீ என்னைக் கை காட்டினாய்.

"எங்கம்மாவ அனுப்பிடுவாங்கோன்னு ரெண்டு பேருக்கும் பயம். நான் கல்லு வுட்டுக்கினு கீறேன். இவளுக்கு அது வராது. அதான் காலு வர்ல."

எட்டு வயதில் இது உனக்கு எப்படித் தெரிந்தது?

அம்மா என்னைக் கட்டோடு மடியில் போட்டுக்கொண்டு, "என்ன எவன்டி அனுப்புவான்? உங்க நைனாவே எத்தினியோ தடவ போடீன்னாரு, நான் போனனா?" என்றாள். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். பிறகு நாலைந்து தடவை போனோம். நீ பேசினாய், நானும் மெல்லப் பேசினேன். கடைசித் தடவை ரெண்டு காலையும் ஊன்றி நடந்தே வந்தேன்.

இப்போது என் பேத்திக்குத் திங்கட்கிழமை வந்தால் வயிற்றுவலி. ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. "ரொம்ப நல்ல பொண்ணு, சத்தமே கிடையாது" என்கிறார் அவள் டீச்சர். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. எனக்கு மட்டும் அந்தப் பச்சிலை வாசனை அடிக்கிறது.

வியாழக்கிழமை உன் பேரனோடு அவளையும் அந்த டாக்டரிடம் கூட்டிப் போகிறேன், தம்பி. அவளைக் கை காட்ட அங்கே நீ இருக்கமாட்டாய். நான் காட்டுகிறேன்.

உன்னைவிட ஏழு நிமிடம் மூத்த,
உன் அக்கா